ஃபார்மேட் அடிக்கச் சொன்னால் உடனே சரி என்று சொல்லாதீர்கள்

லேப்டாப் கேள்வி-பதில்

இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். லேப்டாப்பில் கோளாறு, கம்பெனிக்குப் போன் செய்தால் ஃபார்மேட் செய்து, அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழித்து, புதிதாக ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடச் சொல்கிறார்கள், போட்ட பிறகு வேறொரு தொல்லை ஆரம்பிக்கிறது. அதனால் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகள் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். போன வருடம் அவளுக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப் திடீர் திடீரென்று நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறது. கம்பெனி கஸ்டமர் கேருக்குப் பேசினால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியில் எல்லோரும் சொல்வது ரீசெட் செய்யுங்கள் என்பதுதான். செய்தோம். பத்துப் பதினைந்து நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி நீலத் திரை. இப்போது இது சாஃப்ட்வேர் கோளாறு, வாரண்டியில் வராது, சேலம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்து பணம் கட்டினால் ஓஎஸ் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். வாரண்டி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, பாலக்கோடு

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. ஓஎஸ் புதிதாகப் போட்டு, சில நாள் ஓடி, அதே கோளாறு திரும்ப வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் தற்காலிக நினைவகமான ராமையும்தான். எஸ்எஸ்டியில் சில இடங்கள் கெட்டுப்போயிருந்தால் புதிதாக எழுதும்போது அது நல்ல இடமாகப் பார்த்து எழுதிக்கொள்ளும், அதனால் கொஞ்ச நாள் சமத்தாக இருக்கும், பிறகு இன்னொரு இடம் கெடும். காய்ச்சல் ஏன் வருகிறது என்று பார்க்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டே இருப்பது மாதிரிதான் இந்த ரீசெட். சில சமயம் ஒரு தவறான டிரைவராலும் (லேப்டாப்பின் பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) இப்படி வரும், அது விண்டோஸ் அப்டேட் வழியாக ஒவ்வொரு முறையும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்த டிரைவரும் கம்பெனி தன் மாடலுக்காகத் தருவதுதான், அதற்கும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

போனில் பேசுகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் என்ன கேள்வி வருகிறதோ அதைத்தான் கேட்க முடியும். கோபமெல்லாம் அந்தத் திரையை எழுதிய கம்பெனி மேல். ரீசெட் செய்யச் சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு எஸ்எஸ்டி அனுப்பினால் செலவு, ஆள் அனுப்பினால் இன்னும் செலவு. படிக்கிற பிள்ளையின் ப்ராஜெக்ட்டும் நோட்ஸும் ஒவ்வொரு ரீசெட்டிலும் போவது அவர்கள் கணக்கில் எங்கும் வருவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். லேப்டாப்பை முழுதாக ஆஃப் செய்துவிட்டு ஆன் செய்யும்போது டெல் என்றால் எஃப்12 தட்டி டயக்னாஸ்டிக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள், எச்பி என்றால் எஃப்2 தட்டுங்கள், மற்ற கம்பெனிகளிலும் இதற்கு ஒரு வழி இருக்கும், அவர்களுடைய சப்போர்ட் பக்கத்தில் மாடல் பெயர் போட்டால் தெரியும். இந்தப் பரிசோதனை விண்டோஸுக்கு வெளியே ஓடுகிறது. அதனால் இதில் எஸ்எஸ்டியோ ராமோ தவறியது என்று வந்தால் சாஃப்ட்வேர் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது. சுருக்கமான பரிசோதனை போதாது, நீண்ட பரிசோதனையை ஓட விடுங்கள், மணிக்கணக்கில் ஆனாலும் சார்ஜரில் போட்டுவிட்டு விடுங்கள். தவறினால் திரையில் ஒரு பிழைக் குறியீடு வரும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கஸ்டமர் கேரில் அந்தக் குறியீட்டைச் சொன்னதும் பேச்சு மாறும், ஏனென்றால் பாகம் மாற்றித் தர அவர்கள் கேட்பதே அந்த எண்ணைத்தான். பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால் நீலத் திரையில் அடியில் வருகிற எழுத்துகளை ஒவ்வொரு முறையும் தேதியோடு போட்டோ எடுங்கள்.

இனிமேல் போனில் மட்டும் பேசாதீர்கள். கம்பெனியின் சப்போர்ட் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்: சீரியல் நம்பர், வாங்கிய தேதி, இதுவரை கொடுத்த கம்ப்ளெய்ன்ட் நம்பர்கள், ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்த பிறகும் கோளாறு திரும்பியது, இனி ரீசெட் செய்ய முடியாது, ஹார்ட்வேரைப் பரிசோதிக்க வேண்டும். அவ்வளவுதான், நீட்ட வேண்டாம். சாஃப்ட்வேர் கோளாறுதான் என்று அவர்கள் சொன்னால் எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி முடிவதற்குள் இந்த மின்னஞ்சல் போய்விட வேண்டும், ஏனென்றால் கோளாறு வாரண்டி காலத்திலேயே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள், தீரவில்லை என்று அன்றைக்கே பதில் எழுதுங்கள்.

இன்னொன்று, கம்பெனி தளத்தில் சீரியல் நம்பர் போட்டு வாரண்டி என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். சில சமயம் நீங்கள் வாங்கிய தேதிக்குப் பதிலாக லேப்டாப் கிடங்கிலிருந்து கிளம்பிய தேதியிலிருந்து கணக்கு வைத்திருப்பார்கள். பில்லை அனுப்பினால் திருத்தித் தர வேண்டும். வாரண்டி ஆன்சைட்டா, நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதா என்பதும் அங்கேயே இருக்கும். ஆன்சைட் என்றால் பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போய், அங்கிருந்து இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் சேலத்துக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, ஆள் வீட்டுக்கு வர வேண்டும். உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவதில்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எஸ்எஸ்டி மாற்றினால் பழையது பொதுவாகக் கம்பெனிக்குப் போய்விடும், அதிலிருக்கும் எதையும் திருப்பித் தர மாட்டார்கள். மகளின் ஃபைல்களை இன்றைக்கே ஒரு வெளி டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ எடுத்து வைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: ஓஎஸ் திரும்பப் போட விண்டோஸ் கீ தனியாக வாங்க வேண்டும் என்று கடையில் பணம் கேட்கிறார்கள். லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் இருந்ததே?
- வாசகர், மத்தூர்

பதில்: இருந்தது என்றால் வாங்க வேண்டாம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் கீயை, அதாவது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் குறியீட்டை, மதர்போர்டிலேயே பதித்துவிடுகிறார்கள். அதே பதிப்பைப் போட்டால், அதாவது ஹோம் இருந்த இடத்தில் ஹோம் போட்டால், நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கடைக்காரர் வேறு பதிப்பைப் போட்டுவிட்டுக் கீ கேட்கிறார் என்றால் அதை ஏற்காதீர்கள், ஹோம் போடச் சொல்லுங்கள். பில்லில் டாஸ் என்றோ உபுண்டு என்றோ இருந்தால் மட்டும் கதை வேறு, அந்த மாடலுக்கு விண்டோஸ் விலையில் சேரவில்லை. திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், அதை ஓட்டுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், பேங்க் வேலை பார்க்கிற மெஷினில் அதைச் செய்யவே கூடாது.

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். கம்பெனி ஆள் ரிமோட்டில் வந்து பயாஸ் அப்டேட் செய்தார், அதற்குப் பிறகு லேப்டாப் ஆன் செய்தாலே நீல நிறத்தில் பிட்லாக்கர் என்று வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லை. திரும்பக் கூப்பிட்டால், எண் இல்லையென்றால் ஃபார்மேட்தான் வழி என்கிறார்கள். சீசன் முழுவதும் போட்ட டேலி கணக்கு அதில்தான் இருக்கிறது.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஃபார்மேட் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, நீங்கள் போடாவிட்டாலும் விண்டோஸே போட்டிருக்கும். இப்போது வருகிற பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது, சாவி எண் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சாதாரண நாளில் மதர்போர்டில் உள்ள ஒரு சிப் அந்தப் பூட்டைத் திறந்துவிடும், நமக்கு ஒன்றுமே தெரியாது. பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை சாஃப்ட்வேர்) மாறினாலோ மதர்போர்டை மாற்றினாலோ அந்த சிப்புக்குச் சந்தேகம் வந்து நம்மிடம் எண்ணைக் கேட்கிறது. பயாஸ் அப்டேட்டுக்கு முன்னால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது எண் உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் செய்துவிட்டு ஃபார்மேட்தான் வழி என்று சொல்வது மிகப் பெரிய பொறுப்பின்மை, இதை மின்னஞ்சலில் அப்படியே எழுதுங்கள்.

எண்ணைத் தேட, போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் அந்த லேப்டாப்பில் பயன்படுத்திய மின்னஞ்சலில் உள்ளே நுழையுங்கள். டிவைஸஸ் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று இருக்கும், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எழுத்துகளோடு ஒத்துப்போகும் எண்ணை எடுத்துப் போடுங்கள். உங்கள் மின்னஞ்சலில் இல்லை என்றால் லேப்டாப் வாங்கிய கடைக்குப் போங்கள். நம் ஊர்க் கடைகளில் லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கடைப் பையனே தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு செட்டப் முடித்துக் கொடுப்பது நிறைய நடக்கிறது, அப்படியென்றால் சாவியும் அவர் கணக்கில்தான் கிடக்கும். ஆபீஸில் வேறு யாராவது ஒருமுறை உள்ளே நுழைந்திருந்தால் அவர்கள் கணக்கையும் பாருங்கள். இந்த எண்ணை லேப்டாப் கம்பெனி தர முடியாது, மைக்ரோசாஃப்ட் ஆட்களாலும் உருவாக்கித் தர முடியாது. அதனால் தேட வேண்டிய எல்லா இடத்திலும் தேடிவிட்டுத்தான் அடுத்த முடிவு.

திறந்ததும் முதல் வேலையாக டேலியை எடுத்து வையுங்கள். டேலியின் டேட்டா பெரும்பாலும் டாகுமென்ட்ஸில் இருக்காது, டேலிக்குள் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும். ரீசெட்டில் "என் ஃபைல்களை வைத்துக்கொள்" என்று ஒரு வழி இருக்கிறதே, அது டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் போன்ற உங்கள் பெயரில் உள்ளவற்றுக்குத்தான். வேறு இடத்தில் இருப்பதை அதை நம்பி விடக் கூடாது.

கேள்வி: பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி இன்ஸ்டால் செய்தால் டிஸ்க்கே இல்லை என்று காட்டுகிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா? சப்போர்ட்டில் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
- மாணவர், பர்கூர்

பதில்: பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள் தம்பி. தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறை ப்ராசசர் முதல் பல லேப்டாப்களில் டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி என்ற ஒரு அமைப்பு ஆனாகவே வருகிறது, அதற்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இருக்காது, அதனால்தான் டிஸ்க் கண்ணில் படவில்லை. கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கு ஸ்டோரேஜ் பகுதியில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கும். அதை இறக்கிப் பிரித்து அதே பென்டிரைவில் போட்டு, டிஸ்க் கேட்கும் திரையில் லோட் டிரைவர் கொடுத்தால் வந்துவிடும். இன்ஸ்டால் பாதியில் நெட் கேட்டு வைஃபை வேலை செய்யவில்லை என்றால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: பென்னாகரத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். சர்வீஸில் ஓஎஸ் மாற்றிக் கொடுத்தார்கள், ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் தமிழில் அடித்த பத்திரங்கள், பத்திரிகைகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பித் தெரிகின்றன. கஸ்டமர் கேரில் கேட்டால் ஃபைல் கெட்டுவிட்டது என்கிறார்கள்.
- வாசகர், பென்னாகரம்

பதில்: ஒன்றும் கெடவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் அடித்தது வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கும். அவை எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறை அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றிக் காட்டுகிற முறை, எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். அதே எழுத்துருவைத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஃபார்மேட் செய்யாமல் மேலேயே போட்டிருந்தால் இருக்கும். ஆனால் சுமார் பத்து நாளில் விண்டோஸ் அதைத் தானாக அழித்துவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஃபோல்டருக்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் பழைய யூசர் பெயரின் கீழ் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் தேடுங்கள், கடந்த சில ஆண்டுகளில் நாம் நேரடியாகப் போட்ட எழுத்துருக்கள் அங்கேதான் போய் உட்காருகின்றன. இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கடையில் அதே எழுத்துரு இருக்கும், உங்கள் தொழிலில் ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுவது வழக்கம்தானே. டைப் செய்ய என்எச்எம் ரைட்டர் என்ற சாஃப்ட்வேர் போடலாம், தமிழ்99 விசைப்பலகை மட்டும் போதுமென்றால் 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸிலேயே இருக்கிறது, தமிழ் மொழியைச் சேர்த்தால் வரும். நேரம் கிடைக்கும்போது முக்கியமான ஃபைல்களை என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

ஓஎஸ் மாற்றுவதற்கு முன் இதில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சர்வீஸில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உங்கள் கடை இத்தனை நாள் நின்றிருக்காது. எனக்கு மிகவும் வருத்தம் தந்த கடிதம் இது.

கேள்வி: அரசு கொடுத்த பழைய லேப்டாப் இன்னும் ஓடுகிறது, விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கு இனி அப்டேட் வராது என்கிறார்களே, தூக்கிப் போட வேண்டுமா?
- வாசகி, அரூர்

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, வீட்டில் பயன்படுத்துபவர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், அந்தக் காலத்து மெஷின் பெரும்பாலும் தாங்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ் போடுங்கள், காசு இல்லை. உங்கள் லேப்டாப்பில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்திருக்கலாம், ஆன் செய்யும்போது இரண்டு ஓஎஸ் பெயர் காட்டியது நினைவிருக்கிறதா? பிள்ளைகள் படிக்க, எழுத, வீடியோ பார்க்க லினக்ஸ் தாராளமாகப் போதும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் நல்ல வேகம் கிடைக்கும்.

கேள்வி: கூகுளில் கம்பெனி கஸ்டமர் கேர் நம்பர் தேடிப் பேசினேன். ஒரு ஆப் போடச் சொல்லித் திரையைப் பார்த்தார், பதிவுக் கட்டணம் 10 ரூபாய் அனுப்புங்கள் என்றார். அனுப்பும்போது சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: நல்ல வேளை. அது கம்பெனியே இல்லை. உண்மையான நம்பர் கிடைக்காமல், கிடைத்தாலும் அரை மணி நேரம் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைப்பதால்தான் மக்கள் தேடி எடுத்த ஏதோ ஒரு நம்பருக்குப் பேசுகிறார்கள். அந்த ஆப்பை உடனே நீக்குங்கள், போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும். பேங்க் ஆப் பின், பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றுங்கள், கணக்கில் என்ன நடக்கிறது என்று சில நாள் தினமும் பாருங்கள். ஒரு ரூபாய் போயிருந்தாலும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. கம்பெனி நம்பரை லேப்டாப்போடு வந்த வாரண்டி தாளிலிருந்தோ கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். வாரண்டியில் இருக்கும் மெஷினுக்குப் புகார் பதிவு செய்ய யுபிஐயில் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மதர்போர்டு மாற்றினார்கள், ஓஎஸ் மாற்றினார்கள், இன்னும் சரியாகவில்லை, இப்போது மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. கம்பெனி எங்கேயோ பெங்களூரில் இருக்கிறது. நான் எங்கே போய்க் கேட்பது?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: பெங்களூருக்குப் போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கம்பெனியோடு விற்ற கடையையும் சேர்த்து எதிர்த்தரப்பாகப் போடுங்கள், இல்லாவிட்டால் இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரைக் கை காட்டுவார்.

அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு, 1915, பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். அது கோர்ட் இல்லை, உத்தரவு போட முடியாது, ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கஸ்டமர் கேரில் காதில் வாங்காத கம்பெனி இதற்குப் பதில் சொல்வது உண்டு, ஏனென்றால் இங்கே புகாரைப் பார்ப்பது வேறு ஆட்கள். மதர்போர்டு மாற்றியபோது கொடுத்த சர்வீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டு நகல் வாங்குங்கள், ஒரே மெஷினில் எத்தனை பாகம் மாற்றியும் சரியாகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அதோடு பில், கம்ப்ளெய்ன்ட் நம்பர்கள், பதில் வராத மின்னஞ்சல்கள், இவற்றைத் தேதி வரிசையில் பிரின்ட் எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். பழுதுபார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள், ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். வேறு புது லேப்டாப் அல்லது முழுப் பணம், அதோடு அலைச்சலுக்கு இழப்பீடு என்று தெளிவாக எழுதுங்கள்.